துணி அடிக்கும் ஓசை

வெஸ்ட்லி, ஒஸ்லோ
3 செப்ரெம்பர் 2023

அன்புள்ள அனஸ்ரேசியா,

கோடை முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பதிப்பகத்துக் கபிலன் இரண்டு தரம் வீட்டுக்கு வந்துவிட்டான். மாசி மாதத்துக்குள் கையெழுத்துப்படி கொடுத்தால்தான் உயிர்த்த ஞாயிறுக்கு முன் புத்தகம் அச்சாகுமாம். என் பங்குப் பாட்டுகள் முடிந்தன. உன்னுடையதில் பன்னிரண்டு இன்னும் நிற்கின்றன. நூலகம் கழித்து விற்ற அந்தச் சீனப் பாட்டுகளின் நோர்வேஜியத் தொகுதியில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை உனக்கு அனுப்பி, "வா, பழைய சீனப் பாட்டுகளைத் தமிழாக்குவோம்" என்று உன்னை இழுத்துவிட்டவள் நான்தான். அதனால் திட்டுகிற உரிமையும் எனக்குத்தான்.

போனில் கேட்கலாம் என்றால் எப்போதும் மார்க்கஸ்தான் எடுக்கிறார். "அவ குளிக்கிறா அக்கா" என்கிறார். ஒரு மனிசி நாளைக்கு எத்தனை தரம் குளிப்பாள்? ஆனாலும் நன்றாகத்தான் கதைத்தார். மீன் தொழிற்சாலை அவரை வேலையால் நிறுத்திய பிறகு வீட்டில் இருப்பது அலுப்பாக இருக்கிறதாம். ஞாயிறு பூசையில் இன்னும் அவர்தான் பாடுகிறாராம். நான் பேசிச் செய்த கலியாணங்களில் பழுது சொல்ல முடியாதது உங்களுடையதுதான் என்று இங்கே எல்லாரிடமும் சொல்வேன்.

மீதிப் பாட்டுகளில் கை வைக்கும்போது ஒன்றை மறக்காதே. மனதில் பட்டதை வாய்விட்டுச் சொன்னால் அது சீனப் பாட்டு அல்ல. கண்ணில் பட்டதை மட்டும் வை. வாடிய செவ்வந்தி, ஆளில்லாத படகு, அவ்வளவு போதும். மிச்சத்தை வாசிக்கிறவர் பார்த்துக்கொள்வார். உன் பழைய வரைவுகளில் கண்ணீர், பெருமூச்சு எல்லாம் கொட்டிக் கிடந்தன. எல்லாவற்றையும் சிவப்பு மையால் வெட்டினேன். கோபிக்காதே. அங்கே வடகோடியில் உங்கள் ஊர்த் தொழிற்சாலையில், மீன் வெட்டும் மேசையில் ஆறு வருஷம் பக்கத்தில் நின்று என் கத்தியைப் பார்த்தவள்தானே நீ.

அன்புடன்,
கொறற்றி அக்கா


பாட்ஸ்பியோர்ட்
16 செப்ரெம்பர் 2023

அன்புள்ள கொறற்றி அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. தபால் பெட்டிச் சாவி மார்க்கஸிடம் இருப்பதால் அவர்தான் எடுத்து வருவார். வழக்கம்போல் எனக்கு உரத்து வாசித்துக் காட்டினார். குளிக்கிற பகுதியை வாசித்துவிட்டு நன்றாகச் சிரித்தார். நான் எழுதுவதையும் ஒட்டுவதற்கு முன் அவர் ஒருமுறை பார்ப்பார், எழுத்துப் பிழை இருந்தால் சொல்வதற்கு.

தாமதத்துக்கு மன்னியுங்கள். இடது கை காரின் கதவில் நசிந்துவிட்டது. சுகாதார நிலையத்தில் தாதி கட்டுப்போட்டு விட்டார். கதவு எப்படி அடித்தது என்று பலமுறை கேட்டார், நல்ல மனிசி. எழுதுகிற கைக்கு ஒன்றுமில்லை.

மீதியில் ஒன்று செய்திருக்கிறேன். திருத்தி அனுப்புங்கள்.

ஆறு உறைந்துவிட்டது.
மலையடியில் ஒரு வீடு.
பகலிலும் கேட்கிறது
துணி அடிக்கும் ஓசை.
முற்றத்துக் கொடியில்
துணி ஒன்றும் இல்லை.

நீங்கள் சொன்னபடி கண்ணில் பட்டதை மட்டும் வைத்தேன். கவனமாக வாசியுங்கள் அக்கா.

அன்புடன்,
அனஸ்ரேசியா


வெஸ்ட்லி
25 செப்ரெம்பர் 2023

அன்புள்ள அனஸ்ரேசியா,

கையைப் பார்த்துக்கொள். பழைய கார்களின் கதவுகள் பொல்லாதவை, மார்க்கஸிடம் சொல்லி எண்ணெய் விடச் சொல்.

பாட்டுக்கு வருகிறேன். துணி அடிக்கும் ஓசை இந்தப் பாட்டுகளில் எத்தனையோ இடத்தில் வரும். போர்முனையில் இருக்கிற கணவனுக்குக் குளிர்கால உடுப்புத் தைப்பதற்காகப் பெண்கள் துணியைக் கல்லில் வைத்துத் தடியால் அடித்துப் பதமாக்குவார்கள். ஊர் முழுக்க அந்தச் சத்தம் கேட்டால் இலையுதிர்காலம் வந்துவிட்டது, ஆண்கள் வீட்டில் இல்லை என்று பொருள். வீடுதோறும் ஒருத்தி ஒருவனை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் அது நிலா வெளிச்சத்தில் கேட்கும், பகலில் அல்ல. ஆறு உறைந்தபின் துணி நனைக்கவும் முடியாது. கொடியில் துணி இல்லை என்றால் அடிபடுவது என்ன? வாசிக்கிறவர் குழம்பிப்போவார். நீ நோர்வேஜிய வரியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். இப்படி மாற்றியிருக்கிறேன்:

ஆற்றங்கரையில் நிலவு.
மலையடியில் ஒரு வீடு.
விடாமல் கேட்கிறது
துணி அடிக்கும் ஓசை.
எல்லையில் இருப்பவனுக்கு
இன்னும் உடுப்புப் போகவில்லை.

இப்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது, பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தொகுதியில் தனிமையில் வாடும் மனைவியின் குரலில் வருகிற பாட்டுகளில் முக்கால்வாசி ஆண்கள் எழுதியவை. அரசன் தன்னைக் கவனிக்கவில்லை என்ற ஏக்கத்தை உத்தியோகத்தன் ஒருவன் பெண் குரலில் பாடுவான். அவற்றை இலகுவாகக் கண்டுபிடிக்கலாம். அந்த மனைவிக்குக் கணவனை விட்டால் வேறு நினைப்பே கிடையாது. விறகு தீர்ந்தது, விரல் வெடித்தது, பக்கத்து வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்று ஒரு சொல் வராது. மொழிபெயர்க்கும்போது எனக்குச் சில நேரம் சிரிப்பு வந்துவிடும்.

மிச்சம் பதினொன்று. கெதியாக அனுப்பு.

அன்புடன்,
கொறற்றி அக்கா


பாட்ஸ்பியோர்ட்
9 ஒக்ரோபர் 2023

அன்புள்ள அக்கா,

உங்கள் திருத்தம் நன்றாக இருக்கிறது என்று மார்க்கஸும் சொன்னார். அப்படியே இருக்கட்டும்.

கை இன்னும் மடங்கவில்லை. இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. மலைப்பாதையை இரண்டு நாள் மூடிவிட்டார்கள். நான் இப்போது பூசைக்குப் போவதில்லை, அவர் தனியாகப் போய்ப் பாடிவிட்டு வருகிறார். என் போனில் ஏதோ பழுது என்று எடுத்து வைத்திருக்கிறார்.

இன்னொரு பாட்டு அனுப்புகிறேன்.

எல்லைக் கோட்டை.
காவலனிடம் ஒரே சாவி.
காட்டு வாத்துகள் தெற்கே போகின்றன.
ஒன்றுக்கு இடது சிறகு மடங்கவில்லை.
தன் வரிசையைக் கூப்பிடுகிறது.
வரிசை நேராகப் போகிறது.

இதைத் திருத்துவதற்கு முன் இரண்டு தரம் வாசியுங்கள். இதைத்தான் கேட்கிறேன்.

அனஸ்ரேசியா


வெஸ்ட்லி
20 ஒக்ரோபர் 2023

அன்புள்ள அனஸ்ரேசியா,

இரண்டு தரம் என்ன, ஐந்து தரம் வாசித்தேன். இது நல்ல பாட்டு. கடைசி வரியில் வெட்ட ஒரு சொல் இல்லை. காட்டு வாத்து இந்தப் பாட்டுகளில் கடிதம் சுமக்கிற பறவை. தூரத்தில் இருப்பவருக்குச் செய்தி கொண்டுபோவது. அதன் சிறகையே உடைத்துவிட்டான் இந்தக் கவிஞன். கெட்டிக்காரன், யார் என்று பார்ப்போம் எனப் புத்தகத்தை எடுத்தேன்.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டேன். எல்லைப் பாட்டுகள் பகுதியைத் தனியாக மூன்று தரம் பார்த்தேன். இப்படி ஒரு பாட்டு அதில் இல்லை. பிறகு சந்தேகம் வந்து உன் துணிப் பாட்டையும் தேடினேன். அதுவும் இல்லை. கபிலன் ஒவ்வொரு பாட்டுக்கும் மூலப் பக்கம் கேட்கிறான், இல்லாமல் அச்சிட மாட்டானாம். இவை எந்தப் பக்கத்தில் இருக்கின்றன? நீயே எழுதியவை என்றால் அதையாவது சொல். அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுது.

அன்புடன்,
கொறற்றி அக்கா


பாட்ஸ்பியோர்ட்
14 நவம்பர் 2023

பேரன்புக்குரிய கொறற்றி அக்கா அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். தாங்கள் கேட்ட இரு பாடல்களும் நான் பொழுதுபோக்காக எழுதியவை. அவற்றுக்கு எந்தப் பொருளும் கிடையாது. தங்களை ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

நான் இங்கே மிகவும் மகிழ்ச்சியாக வாழ்கிறேன். என் கணவரே என் வீட்டின் விளக்கு. அவர் வெளியே போனால் யன்னல் ஓரத்தில் நின்று அவர் வரும் வழியையே பார்த்திருக்கிறேன். அவருடைய காலடிச் சத்தம் கேட்டால்தான் எனக்கு உயிர் வருகிறது. இப்படிப்பட்டவரைத் தேடித் தந்த தங்களுக்கு என்றும் நன்றி உடையவளாக இருப்பேன்.

வீட்டு வேலைகள் இருப்பதால் இனி மொழிபெயர்ப்பில் ஈடுபட முடியாது. புத்தகத்தையும் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டோம். தாங்களும் வீண் சிரமப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
அனஸ்ரேசியா மார்க்கஸ்


வெஸ்ட்லி
20 நவம்பர் 2023

அனஸ்ரேசியா,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடமாட்டேன். போட்டால் வாசிக்கப் போவது நீ அல்ல. ஆனாலும் உனக்கு எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அந்தக் கடிதத்தை வேலைக்குப் போகிற வழியில் ரயிலில் வைத்துப் பிரித்தேன். கையெழுத்து உன்னுடையது. ரொம்மன் தரிப்பு வருவதற்குள் வாசித்து முடித்துவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் திரும்ப முதலிலிருந்து வாசித்தேன். யன்னல் ஓரத்தில் நிற்கிற மனைவி, காலடிச் சத்தம், வீட்டின் விளக்கு. பெண் குரலில் ஆண் எழுதிய பாட்டைக் கண்டுபிடிப்பது இலகு என்று உனக்குப் படிப்பித்தவள் நான். நசிந்த கையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பனியைப் பற்றி இல்லை. மார்க்கஸ் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நீ எழுதியிருக்கிறாய்.

அதன்பிறகு உன் இரண்டு பாட்டையும் எடுத்து வைத்து வாசித்தேன். கொடியில் துணி இல்லை என்றால் அடிபடுவது என்ன என்று நானே கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, அந்த வரியை வெட்டிவிட்டு, நிலவை வைத்தேன். இரண்டாவது தரம் நீ கூப்பிட்டபோது பக்க எண் கேட்டேன். மார்க்கஸ் உரத்து வாசிக்கிற கடிதத்தில், "இந்தப் பாட்டுகள் புத்தகத்தில் இல்லை" என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன். அதன்பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நினைக்கப் பயமாக இருக்கிறது.

இன்று உங்கள் பக்கத்துப் பொலிசோடு பேசினேன். போய்க் கதவைத் தட்டலாம், ஆனால் மார்க்கஸ் முன்னால் நின்று ஒன்றும் நடக்கவில்லை என்று நீ சொன்னால் அவர்கள் திரும்பிவர வேண்டும், அதற்குப் பிறகு உனக்கு இன்னும் மோசமாகலாம் என்றார் பேசிய பொலிஸ் பெண். முதலில் உன்னை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இருக்கிறதா என்று எனக்கே தெரியாது.

கொறற்றி


வெஸ்ட்லி
22 நவம்பர் 2023

அன்புள்ள அனஸ்ரேசியாவுக்கும் மார்க்கஸுக்கும்,

கடிதம் வாசித்து மனம் நிறைந்தது. பாட்டுகளைப் பற்றிக் கவலைப்படாதே, கபிலனைச் சமாளித்துவிட்டேன். மார்க்கஸ், புத்தகத்துக்கு நீங்கள் ஒரு வாழ்த்துரை எழுதித் தர வேண்டும். மனைவி இரண்டு வருஷம் பாடுபட்டதற்குப் பக்கத்தில் நின்ற கணவன் இரண்டு சொல் சொன்னால் அழகாக இருக்கும்.

கடைசியாக ஒரேயொரு உதவி. வழியனுப்புகிற பாட்டுகள் பகுதியில் ஒன்று எனக்கு இடறுகிறது. அனஸ்ரேசியாவின் காதுக்குத்தான் இது சரிவரும். திருத்தி அனுப்பினால் போதும், அதோடு உன்னை விட்டுவிடுகிறேன்.

மாலைப் படகு தெற்கே போகிறது.
மூன்றாம் பிறையன்று
துறையில் அரை நாழிகை நிற்கும்.
மேல்தட்டில் ஒரு பழைய தோழி.
பொதி எதுவும் வேண்டாம்.
பலகையில் ஏறினால் போதும்.

இருவருக்கும் வருகிற நத்தார், புதுவருட வாழ்த்துக்கள்.

அன்புடன்,
கொறற்றி அக்கா


பாட்ஸ்பியோர்ட்
5 டிசெம்பர் 2023

அன்புள்ள அக்கா,

பாட்டு நன்றாக இருக்கிறது. மார்க்கஸுக்கும் மிகவும் பிடித்துவிட்டது. பல தரம் வாசித்தார். வாழ்த்துரையை யோசித்து எழுதுவாராம்.

ஒரு திருத்தம்தான். பிறை வேண்டாம். சீனப் பாட்டில் பிரிந்தவர்கள் சேர்வது முழுநிலவில் அல்லவா? முழுநிலவன்று என்று மாற்றுங்கள். நத்தார் கழிந்து வரும் நிலவு இங்கே மறையாமலே நிற்கும்.

மற்றபடி எதையும் தொடவில்லை.

அனஸ்ரேசியா


வெஸ்ட்லி
29 டிசெம்பர் 2023

அனஸ்ரேசியா,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை.

நாள்காட்டியில் முழுநிலவு இருபத்தேழாம் திகதி. உங்களுக்குப் பக்கத்து வார்டோவுக்குப் பறந்து, அங்கிருந்து கரையோர ஊர்களில் நின்று நின்று தெற்கே போகிற மாலைக் கப்பலில் ஏறினேன். பாட்ஸ்பியோர்ட் வரும்வரை வெளித் தட்டிலேயே நின்றேன். உனக்கு ஒரு தடித்த மேலங்கியும் சப்பாத்தும் கொண்டுவந்திருந்தேன். நிலவு கூரைகளுக்கு மேலே நின்றது, துறைமுகம் பகல்போல் தெரிந்தது.

துறையில் ஒரேயொரு ஆள் நின்றது. மார்க்கஸ். பூசைக்குப் போடுகிற கறுப்பு மேலங்கியோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. என்னைக் கண்டதும் கையை உயர்த்தி அசைத்தார். பலகை இறங்கியதும் கிட்ட வந்தார்.

"அக்கா, பாட்டு நல்லாத்தான் இருந்தது," என்றார். "அவவுக்குத் தலையிடி. வரேல்லை."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் ஒரு கோபமும் இல்லை. கப்பல் நிற்கிற நேரம் முழுக்க அந்த இடத்தை விட்டு அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கப்பலில் இருந்தே பொலிசைக் கூப்பிட்டேன். அவர்கள் உடனே போய்விட்டுத் திரும்ப எடுத்தார்கள். கதவு பூட்டியிருக்கவில்லையாம், வெளிச்சம் எரிகிறதாம், உள்ளே ஒருவரும் இல்லையாம். கடலோரத்தையும் பார்க்கிறோம் என்றார்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை.

இரண்டு நாளாகப் போனைக் கையில் வைத்திருக்கிறேன். பிள்ளை, நீ எங்கே இருக்கிறாய்?

கொறற்றி


12 ஜனவரி 2024

அன்புள்ள கொறற்றி அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன் என்று இங்கே உள்ளவர்கள் உங்களுக்குப் போனில் சொல்லியிருப்பார்கள். அடிவாங்கிய பெண்களை வைத்துப் பார்க்கிற வீடு இது. எந்த ஊர் என்று நான் எழுதக்கூடாது. இந்தக் கடிதத்தை அவர்களே வேறொரு ஊரிலிருந்து தபாலில் போடுவார்கள், முத்திரையைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு வருஷமாக உங்கள் கடிதங்களை என் முன்னால் இருந்து உரத்து வாசித்தவன் மார்க்கஸ். வாடிய செவ்வந்தி என்றால் என்ன, ஆளில்லாத படகு என்றால் என்ன என்று நீங்கள் எனக்குச் சொன்னதெல்லாம் அவனுக்கும் சொன்னதுதான். என் இரண்டு பாட்டும் அவன் கண்ணைத் தப்பியது புத்தகத்துப் பாட்டு என்று நினைத்ததால். இல்லை என்று நீங்கள் எழுதிய அன்று அவனுக்கு எல்லாம் விளங்கியது. அந்தக் கிழமையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

உங்கள் படகுப் பாட்டு வந்தபோது அவன் ஒரே தரத்தில் கண்டுபிடித்துவிட்டான். "கொறற்றி அக்கா வாறா," என்று சிரித்தான். "ஒரு நாளைச் சொல்லி எழுது. வந்து பார்க்கட்டும்." உங்களைத் துறை வரை வரவைத்து, வெறுங்கையோடு அனுப்பி, அதை எனக்கு வந்து சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஆசை. எந்த நாள் என்று மட்டும் என்னிடம் விட்டான். எனக்குக் கட்டுப்போட்ட தாதி விடுமுறை முடிந்து இருபத்தாறாம் திகதி வருவார் என்று எனக்குத் தெரியும். அவருடைய வீடு எங்கள் தெருவுக்கு மேலே மூன்றாவது. அதனால் முழுநிலவு என்று எழுதினேன். அவன் மேலங்கியைப் போட்டுக்கொண்டு துறைக்கு இறங்கினான். கதவைப் பூட்டினான், ஆனால் சமையலறை யன்னலை மறந்துவிட்டான். நான் அதால் குதித்து, மேலே தாதியின் வீட்டுக்கு நடந்தேன். பிறகு தாதியும் நானும் உள்ளே போய் என் கடவுச்சீட்டை எடுத்தோம். கதவை உள்ளேயிருந்து திறந்து விட்டது நாங்கள்தான். நீங்கள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் நாங்கள் மலைப்பாதையில் பனி தள்ளும் வாகனத்தின் பின்னால் போய்க்கொண்டிருந்தோம்.

நீங்கள் வந்திருக்காவிட்டால் அவன் துறைக்குப் போயிருக்க மாட்டான். அதற்கு நன்றி அக்கா. வார்டோ வரை பறந்து வந்ததற்கும் நன்றி.

இப்போது அவன் ரொம்மனில் அண்ணன் வீட்டில் இருக்கிறானாம். உங்களுக்கு இரண்டே ரயில் தரிப்பு. என்னை நெருங்கக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு இருக்கிறது, ஆனால் உங்கள் வீட்டுக்கு வர ஒரு தடையும் இல்லை. வருவான். அழுவான். நன்றாக அழத் தெரியும் அவனுக்கு. நீங்கள் பேசிச் செய்த கலியாணம் என்பதை நினைவுபடுத்துவான். நீங்கள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பீர்கள். அனஸ்ரேசியா எங்கே என்று கேட்கமாட்டான். நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்பான். ஒரு வரியைக் காட்டினாலும் போதும் அவனுக்கு. நீங்கள் படிப்பித்த வாசகன் அவன்.

அதனால் இனி நான் எழுதமாட்டேன். நீங்களும் என்னைத் தேடக்கூடாது. நீங்கள் கெட்டவர் அல்ல, எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று தெரியவில்லை என்றால் உங்களால் சும்மா இருக்க முடியாது. நீங்கள் தேடினால் நான் கிடைப்பேன். உங்களுக்குக் கிடைத்தால் அவனுக்கும் கிடைப்பேன். இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு எரித்துவிடுங்கள். உங்களைப் பிரிவது எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. இந்த நாட்டில் எனக்கு இருந்த ஒரே சொந்தம் நீங்கள்.

போவதற்கு முன் ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலவு, வாத்து, ஆறு ஒன்றும் இல்லாமல் சொல்கிறேன். மார்க்கஸ் என்னை அடித்தான். பத்தொன்பது வருஷம் அடித்தான். உங்களிடம் இரண்டு தரம் சொன்னேன். இதில் திருத்த எதுவும் இல்லை.

அனஸ்ரேசியா